அட்சதை பறக்கும்போது பட்டுக்கு என்ன ஆகிறது?

கெட்டிமேளம் முழங்குகிறது. நாலாபுறமிருந்தும் அட்சதை பறக்கிறது, ஃபிளாஷ்கள் மின்னுகின்றன. கல்யாண வீடியோவில் வீட்டார் திரும்பத் திரும்பப் பார்க்கும் அந்தச் சில நொடிகள்தான் கேமராவுக்கு மிகக் கடினமானவை. பழைய எச்டி பதிவு ஒன்றை அந்த இடத்தில் நிறுத்திப் பாருங்கள். மணமகளின் அரக்குப் பட்டு கட்டம் கட்டமாகக் கலங்கியிருக்கும். ஜரிகைக் கரையில் இருந்த ருத்ராட்ச வடிவம் வெறும் மஞ்சள் பட்டையாகியிருக்கும். புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டில், நாள்கணக்காகத் தறியில் உட்கார்ந்து ஒருவர் கொண்டுவந்த நுணுக்கம் அது. பல நேரங்களில் அதைத் தின்றது லென்ஸ் அல்ல, கேமரா படத்தைச் சுருக்கிய விதம்.

சுருக்காமலும் முடியாது. முழு எச்டி படம் ஒன்றில் 1920-க்கு 1080 என 20 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள். நொடிக்கு 25 படங்களை அப்படியே பதிந்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 560 ஜிபி ஆகும். பி.சி. ஸ்ரீராமின் ‘வானம் வசப்படும்’ எச்டியில் எடுக்கப்பட்டு வெளிவந்த 2004-லேயே, சோனியின் எஃப்எக்ஸ்1 கேமராவும் சந்தைக்கு வந்தது. அதில் இருந்த எச்டிவி வடிவம், இத்தனை பெரிய தகவலை நொடிக்கு 25 மெகாபிட்டாக ஒடுக்கிச் சின்ன மினிடிவி டேப்பில் அடக்கியது.

எப்படி? ஜக்கார்டு தறியைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். அட்டைகள் சேலை முழுவதையும் சொல்வதில்லை. ஒரு பூவுக்கான துளைகளே அவற்றில் இருக்கும். அட்டைகள் மறுபடி சுற்றினால் பூ மறுபடி விழும். எச்டிவியும் நம் நாட்டு 50ஐ முறையில் (நொடிக்கு 25 படம்) 12 படங்களை ஒரு தொகுப்பாக்கி, முதல் படத்தை மட்டும் முழுதாக வைத்துக்கொள்கிறது. மற்ற பதினொன்றுக்கும் எது மாறியது என்ற குறிப்பு மட்டுமே. மணமேடை அசையாமல் இருக்கும்வரை இது அருமையாக வேலை செய்யும். அட்சதை பறக்கும்போதோ ஒவ்வொரு அரிசியும் புது மாற்றம். ஃபிளாஷ் மின்னினால் மொத்தப் படமுமே மாறிவிடுகிறது. ஒதுக்கிய 25 மெகாபிட்டோ ஏறுவதில்லை. டேப்பில் தூசி இருந்து தொகுப்பு கெட்டால் ஏறக்குறைய அரை நொடி காட்சி போய்விடும்; தாலி முடிச்சு விழ அதுவே போதும்.

பானசோனிக் வேறு வழியில் போனது. 2005-ல் வந்த எச்விஎக்ஸ்200 கேமராவின் டிவிசிப்ரோ எச்டி, ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகச் சுருக்கியது. நொடிக்கு 100 மெகாபிட். பக்கத்துப் படத்தை நம்பாததால் அட்சதை அதைத் தடுமாற வைக்கவில்லை. ஆனால் 8 ஜிபி பி2 கார்டு பத்து நிமிடத்துக்குள் நிறைந்துவிடும். முதல் நாள் பெண் அழைப்பிலிருந்து படம்பிடிப்பவருக்கு அது எப்படிக் கட்டுப்படியாகும்? 2006-ல் இரு நிறுவனங்களும் சேர்ந்து அறிவித்த ஏவிசிஎச்டி, எச்.264 முறையில் 24 மெகாபிட்டுக்குள் முழு எச்டியைத் தந்தது. கார்டு செலவு குறைந்தது, எடிட்டிங் கணினிதான் திணறியது.

மெகாபிட்டை மட்டும் வைத்து எடைபோடக் கூடாது. பட்டுக்கு நிறம் முக்கியம். எச்டிவி, ஏவிசிஎச்டி இரண்டும் 4:2:0 வகை. வெளிச்சத்தைப் புள்ளிதோறும் எழுதிவிட்டு, நிறத்தை நான்கு புள்ளிகளுக்குப் பொதுவாக வைக்கும். அரக்கு உடலும் பச்சைக் கரையும் சேரும் கோட்டில் நிறம் கசிவது இதனால்தான். 4:2:2 வகை இரண்டு புள்ளிகளுக்கு ஒரு நிறம் தருவதால் கரை கூர்மையாக நிற்கும். பானசோனிக்கின் ஏவிசி-இன்ட்ரா 100 அதோடு 10 பிட் ஆழமும் சேர்த்தது. சாயல் மாறும் பட்டுக்கு அதுவே சிறந்தது. நாள் முழுக்க ஓடும் கல்யாணத்துக்கோ, சோனியின் 50 மெகாபிட் எக்ஸ்டிகேம் எச்டி422 நியாயமான தேர்வு. மணிக்கு ஏறக்குறைய 23 ஜிபி போதும், நிறமும் கெடாது.

அந்தக் காலத்து எச்டிவி டேப் அலமாரியில் இருக்கும் வீடுகள் இனியும் தாமதிக்க வேண்டாம். ஓட்டும் கருவிகள் அரிதாகிவிட்டன. டேப்பை ஸ்டுடியோவில் கொடுக்கும்போது, ஃபயர்வயர் கேபிள் வழியாக எடுத்து, அந்த மூலக் கோப்பையே தரும்படி கேளுங்கள். அப்படி எடுத்தால் டேப்பில் உள்ளது மறுசுருக்கம் இல்லாமல் அப்படியே வரும். டிவிடிக்கோ வாட்ஸ்அப்புக்கோ மாற்றியதை மட்டும் வாங்கிக்கொண்டு டேப்பைத் தூக்கிப்போட்டால், மிச்சமிருக்கும் ஜரிகையும் போய்விடும்.