இலாபம் வேனிலா, வளவிலா?

படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தாங்கி எல்லாவற்றையும் உள்ளே பொருத்திய ‘கேம்பர் வேன்’கள் இப்போது நமது கரையோர வீதிகளிலும் ஓடுகின்றன. ஹோட்டலில் அறை எடுக்காமல், விரும்பிய இடத்தில் நிறுத்தித் தூங்கி எழுந்து செல்லும் உல்லாசப் பயணிகளுக்கான வாகனம் இது. அப்படியொரு வேனை வாங்கி வாடகைக்கு விட்டால் என்ன என்று எமது நண்பர் ஒருவருக்கு யோசனை வந்தது. அவர் டயர் வியாபாரி. பல வருடச் சேமிப்பை முற்பணமாகக் கட்டி, மிகுதியை லீசிங்கில் எடுப்பது அவரது திட்டம்.

“பணத்தைப் போட முன் ஒரு தடவை அதில் படுத்துப் பார்ப்போம்” என்றார் சாப்பாட்டுக் கடை நடத்தும் இன்னொரு நண்பர். மருதமுனைப் புடவை வியாபாரி ஒருவரும் ஹாட்வெயார் கடைக்காரனான நானும் சேர்ந்து கொண்டோம். நால்வருமாக வேனொன்றை மூன்று நாட்களுக்கு வாடகைக்கு எடுத்து, பொத்துவிலிலிருந்து திருகோணமலை வரை கரையோரமாகவே சென்றோம்.

புறப்படும்போதே ஆளுக்கொரு தொகையைப் பொதுப் பையில் போட்டு, ஒவ்வொரு செலவையும் சீ.ஆர். கொப்பியொன்றில் எழுதினோம். நண்பர்களுக்கிடையில் கணக்கு எதற்கு என்று சிலர் நினைப்பதுண்டு. நட்பு நிலைக்க வேண்டுமானால் கணக்கு அவசியம் என்பது எனது அனுபவம்.

அக்கரைப்பற்று, கல்முனை, மட்டக்களப்பு தாண்டி வாகரைப் பக்கம் போனபோதுதான் விடயம் விளங்கியது. வேனின் தாங்கியில் 40 லீற்றர் தண்ணீர். சமைக்கவும் கோப்பை கழுவவுமே அது சரியாக இருந்தது. உள்ளே இருவர் படுக்கலாம். மற்ற இருவருக்கும் கூடாரம். நிறுத்தப் பாதுகாப்பான இடம், குளிக்கக் கிணறு, மலசலகூடம் மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கவில்லை. கடைசியில் ஒருவர் தனது தென்னந்தோட்டத்துக்குள் வேனை விட அனுமதித்தார். ஒரு தொகை வாங்கினார். அவரது வீட்டிலேயே ரொட்டியும் பொரித்த மீனும் தந்து அதற்கும் காசு எடுத்தார். அவர் புதிதாகப் போட்ட முதல் எதுவுமில்லை.

கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கப்படும்வரை இவ்வழியே வந்தவர்கள் படகுப் பாதைக்காகக் காத்து நின்றார்கள். இன்று வாகனங்கள் நிற்காமல் ஓடுகின்றன. ஓடுகிற வாகனத்தை நிற்க வைப்பவருக்குத்தான் வியாபாரம்.

அன்றிரவு வேன் தொழிலைக் கணக்குப் பார்த்தோம். மாதத் தவணை ஒரு இலட்சம் ரூபா என வைத்துக் கொள்வோம். வருடத்துக்கு 12 இலட்சம். வருடத்தில் 120 நாட்கள் வேன் ஓடினால், தவணைக்கு மாத்திரம் நாளொன்றுக்கு 10,000 ரூபா ஒதுக்க வேண்டும். காப்புறுதி, டயர், திருத்த வேலை எல்லாம் அதற்கு மேல்தான். உப்புக் காற்று இரும்பைத் தின்னும். ஒவ்வொரு பயணம் முடிந்ததும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். தனிப்பட்ட பாவனைக்கெனக் காப்புறுதி செய்த வாகனத்தை வாடகைக்கு விட்டு விபத்து நேர்ந்தால் நட்டஈடு மறுக்கப்படலாம். உள்ளமைப்பை மாற்ற முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் விசாரிக்க வேண்டும்.

வேனுக்குச் சாதகமான ஒன்றும் உண்டு. கிழக்கில் உல்லாசப் பயணிகள் கூடும் காலம் ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரை. வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் இங்கு அறைகள் வெறுமையாகும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை தெற்கு, மேற்குக் கரைகளில் கூட்டம். ஹோட்டலைத் தூக்கிச் செல்ல முடியாது. வேனைக் கொண்டு போகலாம். ஆனால் அதற்கு இரு கரையிலும் நம்பிக்கையான ஆள் வேண்டும். கடையை விட்டு அசைய முடியாத ஒருவருக்கு அது எளிதல்ல.

ஊர் திரும்பிய டயர் வியாபாரி லீசிங் பத்திரத்தில் ஒப்பமிடவில்லை. கடற்கரைக்கு அண்மையில் சும்மா கிடந்த குடும்ப வளவைத் துப்புரவாக்குகிறார். கிணறு ஏற்கனவே உண்டு. இரண்டு மலசலகூடங்கள், குளிக்கும் இடம், மின் இணைப்பு, இரவுக் காவலாளி ஒருவர். இதுதான் இப்போதைய திட்டம். கரையோர வலயம் கடலின் உயர்நீர்மட்டத்திலிருந்து 300 மீற்றர் வரை நிலப்பக்கம் நீள்வதால், கல் வைக்க முன் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதிக்கு விண்ணப்பித்திருக்கிறார். சாப்பாட்டுக்கு மற்ற நண்பர் பொறுப்பு. இருவரது பங்கும் எழுத்தில் இருக்கிறது.

புதுத் தொழிலொன்று கண்ணில் பட்டால், முதலில் ஒரு வாடிக்கையாளராக அதற்குள் போய்ப் பாருங்கள். எந்த இடத்தில் உங்கள் கை தானாகப் பணப்பைக்குப் போகிறது என்று குறித்துக் கொள்ளுங்கள். அதன் பிறகு முதலைப் பற்றி யோசிக்கலாம்.