ஓட்டுநர் இல்லை, துணை உண்டு

இரயில் வண்டியின் முன்புறத்தில் அமர்ந்து செல்ல ஆசைப்படாத சிறுவர் உண்டோ? இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் ஓடும் ஓர் இரயிலில் அந்த ஆசை எளிதாக நிறைவேறும். அங்கே முன்னிருக்கையில் ஓட்டுநர் இல்லை. கண்ணாடியில் முகம் பதித்து, எதிரே விரையும் தண்டவாளத்தைப் பார்த்தபடி ஒரு குழந்தை அமர்ந்திருக்கலாம். 1987-ஆம் ஆண்டு முதல் ஓடிவரும் டாக்லண்ட்ஸ் இலகு இரயில் அது. அதைத் திட்டமிட்டவர்கள் செய்த நன்மையும், அவர்கள் செய்த பிழையும் நாம் அறியத் தக்கவை.

கப்பல்கள் வராத துறைமுகம்

தேம்ஸ் நதிக்கரையில் 1802-ஆம் ஆண்டு மேற்கிந்தியக் கப்பல்துறை திறக்கப்பட்டது. அது முதல் அவ்வட்டார மக்களின் பிழைப்பு கப்பல்களையே நம்பியிருந்தது. பிற்காலத்தில், சரக்குகளைப் பெரிய இரும்புப் பெட்டிகளில் அடைத்து அனுப்பும் முறை வந்தது. அவற்றைச் சுமந்த பெருங்கப்பல்கள், கடலுக்கு அருகிலுள்ள டில்பரித் துறைமுகத்தோடு நின்றுவிட்டன. 1967 முதல் 1981 வரை இலண்டனின் பழைய கப்பல்துறைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. தலைமுறை தலைமுறையாக மூட்டை சுமந்து வாழ்ந்த குடும்பங்கள் வேலையிழந்து நின்றன.

அப்பகுதிக்குப் புத்துயிர் ஊட்ட 1981-இல் அரசு ஒரு வளர்ச்சிக் கழகத்தை அமைத்தது. புதிய தொழில்கள் வரவேண்டுமாயின் முதலில் போக்குவரத்து வேண்டும். பாதாள இரயிலை அங்கு நீட்டிக்கும் எண்ணம் முன்பே இருந்தது; ஆனால் அதற்காகும் செலவு மலைப்பைத் தந்தது. ஆகவே, பெரும்பாலும் நிலத்துக்கு மேலேயே ஓடும் சிறிய மின்இரயில் போதும் என முடிவாயிற்று. 1982-இல் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. ஒதுக்கப்பட்ட தொகை 7 கோடியே 70 இலட்சம் பவுன்.

பழைய பாலம், புதிய வண்டி

சிக்கனமே அத்திட்டத்தின் தாரக மந்திரம். 1840-இல் கட்டப்பட்ட பழைய இரயில்பாதையின் செங்கல் வளைவுப் பாலங்கள் பழுதுபார்க்கப்பட்டு மீண்டும் பயன்பட்டன. அந்தப் பழைய பாதையிலும் தொடக்கத்தில் வண்டியோடு நீராவி எஞ்சின் செல்லவில்லை! பாதையின் ஓரத்தில் நிலையாக நின்ற எஞ்சின், கயிறு கொண்டு பெட்டிகளை இழுத்தது. எஞ்சினில்லா வண்டி சென்ற வழியிலேயே பின்னாளில் ஓட்டுநரில்லா வண்டி சென்றது.

வண்டி தானாக ஓடுவது எப்படி? பாதை பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. எந்த வண்டி எப்பகுதியில் இருக்கிறதென்று கணிப்பொறி இடையறாது கண்காணித்தது. முன்வண்டி ஒரு பகுதியை விட்டு அகலும்வரை பின்வண்டிக்கு அதனுள் நுழைய அனுமதி கிடையாது. வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும், நடைமேடையில் உரிய இடத்தில் நிறுத்துவதும் வண்டியிலுள்ள கருவியின் வேலை.

எனினும், வண்டியை ஆளில்லாமல் அனுப்பிவிடவில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு பணியாளர் இருப்பார். கதவுகளை மூடுவது, பயணச்சீட்டுகளைப் பார்ப்பது, வழி கேட்போருக்குச் சொல்வது, கருவி தவறினால் தாமே வண்டியை ஓட்டுவது ஆகியன அவர் கடமைகள்.

திறப்புவிழாவுக்கு முன்பே ஒரு சோதனை நேர்ந்தது. 1987 மார்ச் 10-ஆம் நாள் வெள்ளோட்டத்தின்போது, ஒரு வண்டி கடைசி நிலையத்தில் தடுப்பை உடைத்துக்கொண்டு, உயர்பாலத்தின் விளிம்பில் தொங்கியது. அப்போது அதைக் கணிப்பொறி இயக்கவில்லை. மனிதர் கையே இயக்கியது. பாதுகாப்பு ஏற்பாடுகள் முடியுமுன் அனுமதியின்றி நடத்திய அவசரச் சோதனை அது!

உள்மடிப்பு இல்லாத சட்டை

1987 ஜூலை 30-ஆம் நாள் அரசி எலிசபெத் இரயிலைத் திறந்துவைத்தார். 15 நிலையங்கள், 11 வண்டிகள், ஏறத்தாழ 13 கி.மீ. பாதை, ஒரே ஒரு வண்டி நிற்கும் அளவுக்கே நடைமேடைகள். அதே ஜூலை மாதத்தில், அப்பாதையில் உள்ள கேனரி வார்ஃபில் வானளாவிய அலுவலகக் கட்டடங்கள் எழுப்ப ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று!

வளரும் பிள்ளைக்குச் சட்டை தைக்கும் தாய், ஓரத்தில் சிறிது துணியை உள்ளே மடித்துத் தைப்பாள். இங்கே அந்த உள்மடிப்பு இல்லை. நடைமேடைகளை நீட்டினார்கள், 1991-இல் நகரின் நடுவிலுள்ள பேங்க் நிலையம்வரை சுரங்கம் அமைத்தார்கள், சில ஆண்டுகளில் வண்டிகளை இயக்கும் கட்டுப்பாட்டு முறையையே முழுவதும் மாற்றினார்கள். இவ்வேலைகளுக்காக இரவுகளிலும் வார இறுதிகளிலும் இரயில் நின்றது, மக்கள் அல்லற்பட்டார்கள். இன்று அது 45 நிலையங்களும் 38 கி.மீ. நீளமும் கொண்டு, தேம்ஸ் நதிக்கு அடியிலும் செல்கிறது.

ஆனால் ஒன்றை அவர்கள் முதல் நாளிலேயே சரியாகச் செய்தார்கள். எல்லா நிலையங்களிலும் மின்தூக்கியோ சரிவுப்பாதையோ அமைத்தார்கள். சக்கர நாற்காலியில் வருபவரும், கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து வரும் தாயும், முழங்கால் வலியுள்ள முதியவரும் படியேறாமல் வண்டி ஏறலாம். பணம் குறைந்த திட்டத்திலும் நலிந்தோர் மறக்கப்படவில்லை.

நம் சென்னையிலும் மெட்ரோ இரயிலின் இரண்டாம் கட்டப் பாதைகளுக்கு ஓட்டுநரில்லா வண்டிகளே தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளன. அவற்றைக் காணும் போது, யார் ஓட்டுகிறார் என்று மட்டும் வியந்து நிற்க வேண்டாம். நாளை வரப்போகும் கூட்டத்துக்கு இடம் விட்டிருக்கிறார்களா? நம் வீட்டுப் பாட்டி எவர் கையையும் எதிர்பாராமல் ஏற முடியுமா? வண்டி நடுவழியில் நின்றால் ஆறுதல் சொல்ல ஒரு குரல் உண்டா? இவற்றையும் கேட்போம். கணிப்பொறி வண்டியை ஓட்டலாம். யாருக்காக ஓட்டுகிறோம் என்பதை நினைவிற்கொள்ள வேண்டியவர்கள் மனிதர்களே.