மனு போட்ட தேதி

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் எங்கள் வீட்டு வாசலில் செருப்புகள் சேர்ந்துவிடும். நூம்பலில் 'வக்கீலம்மா வீடு' என்றால் கடைக்காரரே வழி சொல்லிவிடுவார். வருகிறவர்களில் பெரும்பாலோர் விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து இங்கே வாடகைக்கு இருக்கும் பெண்கள். நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அவர் பணம் கொடுக்கிறதை நிறுத்தி எத்தனை மாசம் ஆச்சு?" பதில் அநேகமாக வருஷக்கணக்கில்தான் வரும்.

என் அப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டியவர். அவருடைய தங்கை இரண்டு பிள்ளைகளோடு எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது எனக்குப் பத்து வயது. "கோர்ட்டு வாசலை மிதிச்சா மானம் போயிடும்" என்றார்கள் பெரியவர்கள். அத்தை ஏழு வருஷம் பொறுத்தாள். கடைசியில் மனு போட்டாள், ஜீவனாம்சமும் கிடைத்தது. ஆனால் இட்லிக்கடை போட்டுப் பிள்ளைகளைப் படிக்கவைத்த அந்த ஏழு வருஷத்துக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை. பாரிமுனை சட்டக் கல்லூரியில் நான் சேர்ந்ததே அவளால்தான்.

போன ஆடியில் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தோம். அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றபடியே ஒரு பெண் மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, ஜீவனாம்சம் கேட்டா டைவர்ஸ் ஆயிடுமா? அவரு திரும்பி வந்துடுவாருன்னு இருக்கேன்." மூன்று வருஷமாக அந்தப் பயத்திலேயே இருந்திருக்கிறாள். ஆகாது. ஜீவனாம்ச மனு வேறு, விவாகரத்து மனு வேறு. தாலி கழுத்தில் இருக்கும்போதே சோற்றுக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் கேட்கலாம். கணவர் எந்த ஊரில் இருந்தாலும், தான் குடியிருக்கும் ஊர்க் கோர்ட்டிலேயே கேட்கலாம்.

முன்பு 125 என்று எல்லோரும் சொன்ன ஜீவனாம்சப் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 144 ஆகியிருக்கிறது. மனைவி, பிள்ளைகள் மட்டுமல்ல, கைவிடப்பட்ட தாய் தகப்பனும் அதில் கேட்கலாம். வழக்கு முடியும்வரை பட்டினி கிடக்க வேண்டாம் என்பதற்காக இடைக்கால ஜீவனாம்சம் உண்டு. எதிர்த் தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள், கூடியமட்டும், அதை முடிவுசெய்ய வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் வாய்தா மேல் வாய்தாவாக இழுப்பதும் உண்டு. அது எனக்கு ஆறாத கோபம்.

அப்படி இழுத்தாலும் கைகொடுக்கும் தீர்ப்பு ஒன்று இருக்கிறது. 2020 நவம்பரில் ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், மனு போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கிட வேண்டும் என்றது. அதுவரை சில கோர்ட்டுகள் உத்தரவு போட்ட தேதியிலிருந்து கணக்கிட்டன. இருவருமே வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. ஆனால் மனு போடுவதற்கு முந்தைய மாதங்களை அந்தத் தீர்ப்பாலும் மீட்டுத் தர முடியாது. அத்தை இழந்தது அதைத்தான்.

உத்தரவு கையில் வந்த பிறகும் சும்மா இருந்துவிடக் கூடாது. பாக்கி விழுந்தால் ஒரு வருஷத்துக்குள் வசூல் மனு போட வேண்டும். 'பாவம், கொடுப்பார்' என்று அதற்குமேல் விட்டால், இந்தப் பிரிவில் அந்தப் பழைய பாக்கிக்கு வாரண்ட் வாங்க முடியாது.

பீஸுக்குப் பணமில்லை என்று தயங்காதீர்கள். 1987-ஆம் வருஷச் சட்டப்படி, பெண் என்றாலே போதும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் கேட்கலாம். 15100 என்ற எண்ணுக்குப் போன் போடுங்கள், அல்லது உங்கள் ஊர்க் கோர்ட்டில் சட்டப் பணிகள் குழு எங்கே என்று கேளுங்கள். கல்யாணப் பத்திரிகை, போட்டோ, ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், இதில் எது இருக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு இந்த வாரமே போங்கள்.