தூங்கும் புல்லட்டை எழுப்புவது எப்படி?

உங்கள் வீட்டுத் தாழ்வாரத்திலே பழைய புல்லட் ஒன்று சாக்கைப் போர்த்திக்கொண்டு நிற்கிறதா? அப்பா ஆசையாக ஓட்டிய வண்டி. அவருக்குப் பின் தொடுவார் இல்லை. "இடத்தை அடைக்கிறது, காயலான் கடைக்குப் போட்டுவிடலாம்" என்பார் ஒருவர். "ஐயோ, அப்பா ஞாபகம்!" என்பார் இன்னொருவர். முடிவு கட்டுமுன் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள், சகோதரிகளே!

1955-ல் பிரிட்டனின் ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் மதராஸ் மோட்டார்ஸும் கூட்டாக 'என்ஃபீல்டு இந்தியா'வைத் தொடங்கின. அதன் திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் உருவான 350 சி.சி. புல்லட்டுக்கு ஒரே சிலிண்டர், சிக்கலில்லாத எஞ்சின். பல வருஷம் தூங்கினாலும் பெரும்பாலும் எழுப்பிவிடலாம். எழுப்புவதிலேதான் பக்குவம் இருக்கிறது.

வீட்டுப் பிள்ளைகள் ஆர்வத்தோடு கிக்கரை உதைக்கப் போவார்கள். விடாதீர்கள்! உள்ளே எண்ணெய்ப்பசை வற்றி, பிஸ்டன் துருவேறி ஒட்டிக்கொண்டிருக்கலாம். பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்தில் இரண்டு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு, ஓர் இரவு ஊறவிடுங்கள். உளுந்தை ஊறப்போடாமல் அரைப்பதுண்டா? மறுநாள் கிக்கரைக் கையால் மெல்ல அழுத்துங்கள். அசைந்தால் சந்தோஷம். அசையாவிட்டால் முரட்டுத்தனம் வேண்டாம், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

அடுத்தது பெட்ரோல். நாள்பட்ட பெட்ரோல் வார்னிஷ் வாடை அடிக்கும்; பிசினாகப் படிந்து கார்புரேட்டர் ஜெட்டின் ஊசித் துவாரத்தை அடைத்துவிடும். அடுப்பும் விளக்கும் அருகில் இல்லாத வெட்டவெளியில் முழுவதையும் வடித்துவிடச் சொல்லுங்கள். ஜெட்டைக் குண்டூசியால் குத்தக்கூடாது. துவாரம் பெரிதானால் வண்டி பெட்ரோலாகக் குடிக்கும்! கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்தால் போதும். டாங்குக்குள் டார்ச் அடித்துத் துருவையும் பாருங்கள். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பர் குழாய்களுக்கு அது ஆகாது, மாற்றிவிடுங்கள்.

எஞ்சின் ஆயில் புதிது, பாட்டரி புதிது. பழைய மாடல்களில் உள்ள பாயிண்டைச் சன்னமான உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்தால் பொறி நன்றாக வரும்.

வண்டி ஓடுவது பெரிதல்ல, நிற்பதுதான் பெரிது. பிரேக் கட்டையையும் கேபிளையும் பார்க்காமல் யாரையும் தெருவில் இறங்க விடாதீர்கள். டயரின் பட்டன் தேயாமல் இருந்தாலும், பக்கவாட்டில் வெடிப்பு கண்டிருந்தால் அது ஆபத்து.

காகிதங்களையும் மறந்துவிடாதீர்கள். பதிவு 15 வருஷத்துக்குத்தான் செல்லும். பிறகு 5 வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அப்பா பெயரிலிருந்து வாரிசின் பெயருக்கு மாற்றி, இன்ஷூரன்ஸும் எடுத்த பிறகே வீதிப் பிரவேசம்!

எல்லாம் முடிந்ததா? வண்டியை வாசலுக்குத் தள்ளுங்கள். மூடிய அறையில் எஞ்சினை ஓட்டினால் விஷப்புகை ஆளையே கொன்றுவிடும். இப்போது உதைக்கலாம். முதலில் ஓர் இருமல், பிறகு ஒரு புகைமண்டலம், பிறகு "டுப்... டுப்... டுப்..."

அடுக்களையிலிருக்கும் அம்மா கைக்காரியத்தைப் போட்டுவிட்டு வாசலுக்கு வருவாள். சாயங்காலம்தோறும் "அவர் வந்துவிட்டார்" என்று அவளுக்குச் சொன்ன சத்தமல்லவா அது!

காயலான் கடைக்காரர் அதற்கு என்ன விலை கொடுப்பார், சொல்லுங்கள்?