சொறிதானே என்று விடலாமா?

போன மாதம் நான் வானொலியில் படர்தாமரை பற்றிப் பேசியதும், "எங்கட அம்மாவுக்கும் அப்படித்தான்" என்று சிலர் அழைத்துச் சொன்னீர்கள். அன்று நேரம் போதாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

என் அத்தான் சிறுநீரகம் மாற்றியவர். புதிய சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாதிருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் டக்ரோலிமஸ் குளிசையை நாள்தோறும் எடுக்கிறார். இடுப்பில் வட்டமாகச் சொறி வந்தபோது, ஊருக்குப் போய்வந்த ஒருவர் கொடுத்த கிறீமைப் பூசினார். மூன்றே நாளில் கடியும் சிவப்பும் அடங்கின. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஒரு மாதத்தில் சொறி முதுகுவரை ஏறிவிட்டது.

அந்தக் கிறீமில் இருந்தது குளோபெற்றசோல் என்னும் கடுமையான ஸ்ரீரொயிட். அது கடியை அடக்கும், பங்கசைக் கொல்லாது. அந்த இடத்துத் தோலின் எதிர்ப்பையும் குறைப்பதால் பங்கசுக்குக் கொண்டாட்டம். வட்ட விளிம்பும் மறைந்துபோவதால் வைத்தியருக்கே இலகுவில் அடையாளம் பிடிபடாது. தோலைச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

இன்னொன்றை நினைத்தால் எனக்கு இப்பவும் நடுக்கம். யாரிடமோ மிஞ்சியிருந்த புளூகொனசோல் குளிசையை அக்கா வாங்கி வைத்திருந்தா. அது டக்ரோலிமஸ் உடலில் உடைவதைத் தடுக்கும். இரத்தத்தில் அதன் அளவு ஏறினால் மாற்றிய சிறுநீரகமே பழுதாகலாம். வைத்தியர்கள் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதென்றால் இரத்தத்தைச் சோதித்து, அளவைத் திருத்தித்தான் கொடுப்பார்கள்.

ரேர்பினபின் குளிசைக்கும் பல வேளை அடங்காத ஒருவகைப் படர்தாமரை தெற்காசியாவில் பரவியிருக்கிறது. 2023 இல் நியூயோர்க்கிலும் அது அறியப்பட்டது. ஆகவே ஊருக்குப் போய்வந்திருந்தால் அதை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

நீரிழிவு உள்ளவர்கள் கால்விரல் இடுக்கைப் பாருங்கள். நாள் முழுக்கச் சப்பாத்தும் மேசும் போட்டால் ஈரம் நின்று, பங்கசால் தோல் வெடிக்கும். அந்த வெடிப்பால் பக்றீரியா புகுந்து கால் வீங்கும். குளித்ததும் இடுக்கைத் துவாயால் ஒற்றி உலர்த்துங்கள்.

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றுபவர்களுக்குக் காய்ச்சலோடு தோலில் புதிதாகக் கட்டிகளோ, நடுக் கறுத்த புண்களோ வந்தால் விடியட்டும் என்று இருக்க வேண்டாம். பங்கசு இரத்தத்தில் கலந்ததன் அடையாளமாகவும் அது இருக்கலாம். அன்றிரவே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அத்தானுக்குச் சொறி மாற ஏழு கிழமை எடுத்தது. கறுத்த தழும்பு இன்னும் இருக்கிறது.