டி.டி.யை ஏன் நிறுத்த முடியாது?

திருவண்ணாமலை தேரடித் தெருவில் கடை வைத்திருப்பவர் கோயில் ஏலத்தில் கலந்துகொள்ள நினைத்தால், முதலில் போவது வங்கிக்குத்தான். டேவணித் தொகைக்குக் காசோலை செல்லாது, டி.டி. எனும் வரைவோலை கேட்பார்கள். காரணம் அந்தத் தாளிலேயே தெரியும்.

காசோலையின் கீழே கையெழுத்துப் போடுவது நாம். இவருக்கு என் கணக்கிலிருந்து கொடு என்று வங்கிக்கு நாம் இடும் கட்டளை அது. டி.டி.யின் கீழே இருப்பது வங்கி அதிகாரிகளின் கையெழுத்து. வங்கி தன் இன்னொரு கிளைக்கு இடும் கட்டளை. எடுத்தவரின் பெயர் 2018 செப்டம்பர் 15 முதல் முகப்பில் அச்சாகிறது, அவ்வளவுதான். அவருடைய பணம் கவுண்டரிலேயே கைமாறிவிட்டது.

சேத்துப்பட்டில் ஒரு விவசாயி அரிசி ஆலையில் நெல் மூட்டைகளை இறக்கிவிட்டு டி.டி. வாங்கிக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் ஆலைக்காரர், “நெல்லில் ஈரம் அதிகம், டி.டி.யை நிறுத்துங்கள்” என்று வங்கிக்கு ஓடுகிறார். மேலாளர் கைவிரிப்பார். டி.டி.யைக் கொடுக்காமல் ஆலைக்காரர் தன்னிடமே வைத்திருந்தால் கட்டணம் கட்டி ரத்து செய்திருக்கலாம். கொடுத்தபின் பணம் தர வேண்டிய கடமை வங்கியுடையது. ஈரத் தகராறை இருவரும் தனியே பேசித் தீர்க்க வேண்டும். நீதிமன்றம் தடை போட்டால்தான் கதை மாறும். மூட்டையை இறக்கியபின் கையில் வேறு பிடி இல்லாத விவசாயிக்கு இது பெரிய காப்பு.

தொலைந்துபோன டி.டி. வேறு விஷயம். எடுத்தவரோ பெறுபவரோ கேட்டால் இரண்டு வாரத்துக்குள் மாற்று டி.டி. தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. டி.டி.க்கும் காசோலைக்கும் ஆயுள் மூன்று மாதம்.

அதே ஆலைக்காரர் சொந்தக் காசோலை கொடுத்திருந்தால் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அதோடு தப்பிவிட முடியாது. 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில், பணமில்லாமல் திரும்பும் காசோலைக்கான 138-வது பிரிவு 1989 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பணத்தை நிறுத்தச் சொன்னாலும் அந்தப் பிரிவு பாயும் என்று மோடி சிமெண்ட்ஸ் வழக்கில் 1998-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கணக்கில் பணம் இருந்தது, நியாயமான காரணத்தால்தான் நிறுத்தினேன் என்று நிரூபிப்பது காசோலை கொடுத்தவரின் பொறுப்பு. தவறினால் இரண்டாண்டு வரை சிறை, காசோலைத் தொகையின் இருமடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும்.

“பேமெண்ட் ஸ்டாப்ட்” என்று வங்கி தரும் ரிட்டர்ன் மெமோவைப் பார்த்ததும் வழக்கே போட முடியாது என்று பலர் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். திரும்பாதீர்கள். மெமோ கிடைத்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும். அது கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் குற்றவியல் நடுவர் மன்றத்தில் புகார் கொடுக்கலாம்.