தேனீக்களின் ரசனைக்கு ஒரு தோட்டம்

கென்யாவின் ஒல் பெஜெட்டா காப்பகத்தில் 2018 மார்ச் 19 அன்று சூடான் இறந்தது. வடக்கு வெள்ளைக் காண்டாமிருக இனத்தின் கடைசி ஆண் அது. அதன் மகள் நாஜின், பேத்தி ஃபாத்து இரண்டும்தான் மிச்சம்.

அடுத்த ஆண்டே அந்த இனத்து ஆண் ஒன்றைத் திரையில் நடமாட விட்டார் பிரிட்டன் கலைஞர் அலெக்ஸாண்ட்ரா டெய்சி கின்ஸ்பெர்க். படைப்பின் பெயர் 'தி சப்ஸ்டிடியூட்'. வெறும் வெள்ளை அறைக்குள், சதுரக் கட்டிகளாகத் தொடங்கும் உருவம், இடம் பழகப் பழகத் தோல் சுருக்கம் வரை துலங்குகிறது. எஞ்சியிருந்த கடைசிக் கூட்டத்தை ஆய்வாளர்கள் எடுத்த பதிவுகளிலிருந்தே அதன் நடையும் குரலும் உருவாக்கப்பட்டன. எல்லாம் தத்ரூபம். ஆனால் மேயப் புல் இல்லை, புரளச் சேறு இல்லை, கூட நிற்க இன்னொரு காண்டாமிருகம் இல்லை. புதிய உயிரைப் படைக்கத் துடிக்கும் நாம், இருக்கும் உயிரை ஏன் காப்பதில்லை என்று கேட்கிறது இந்தப் படைப்பு.

அவரே அதற்குச் செயலில் பதிலும் சொன்னார். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் உள்ள ஈடன் ப்ராஜெக்ட் வளாகத்தில், 55 மீட்டர் நீளத்துக்கு அவர் அமைத்த தோட்டம்தான் 'பாலினேட்டர் பாத்மேக்கர்'. எந்தச் செடி எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானித்தது ஓர் அல்காரிதம். அதற்கு இடப்பட்ட கட்டளை, முடிந்தவரை அதிக வகைப் பூச்சிகளுக்கு உணவு கிடைக்க வேண்டும் என்பதே. நீண்ட நாக்குள்ள தேனீக்குக் குழல் போன்ற பூ வேண்டும்; ஈக்கும் வண்டுக்கும் விரிந்த பூ வேண்டும். ஒரு செடி பூத்து ஓய்ந்தால் அடுத்தது பூக்க வேண்டும். தேனீக்குச் சிவப்பு தெரியாது. நமக்குத் தெரியாத புற ஊதா ஒளி தெரியும். ஆகவே நம் கண்ணுக்குக் கலைந்து கிடப்பதாகத் தோன்றும் பாத்தி, அதற்கு விருந்து.

2022-இல் லண்டன் கென்சிங்டன் பூங்காவிலும், 2023-இல் பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் முன்புறத்திலும் இதே முறையில் தோட்டங்கள் வந்தன. வீட்டுத் தோட்டம் உள்ளவர்களும் தங்கள் மண், வெயில், இட அளவைக் கொடுத்து நடவுத் திட்டம் பெற இணையத்தில் இலவச வசதி உண்டு.

திரையில் உலவும் காண்டாமிருகம் எத்தனை தத்ரூபமாக இருந்தாலும் அந்த இனத்தை மீட்டுத் தராது. தோட்டத்துப் பூவோ இன்றைக்கே ஒரு தேனீயின் பசியைத் தீர்க்கிறது. இயற்கைக்காகத் தொழில்நுட்பம் செய்கிறோம் என்று சொல்பவர்கள், இந்த அளவுகோலை வைத்துத் தங்கள் வேலையை எடைபோட்டுப் பார்க்க வேண்டும்.